மேல் சிகிச்சைக்காக

கடிதம் தயாராக இருந்தது. டாக்டரான அவளுடைய கையெழுத்துதான் பாக்கி.

'மேல் சிகிச்சைக்காக மதுரைக்கு அனுப்பப்படுகிறது.'

கட்டிலில் நான்கு வயது மதிவதனி. மூளைக்காய்ச்சல். ஒன்பது நாளாகக் குழாய் வழியாகத்தான் மூச்சு. காலையிலிருந்து இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. இனி செய்வதற்கு இங்கேயும் ஒன்றுமில்லை, மதுரையிலும் ஒன்றுமில்லை. அது அவளுக்குத் தெரியும். கடிதத்தை அடித்துக் கொண்டுவந்த மேனேஜருக்கும் தெரியும்.

இந்த மருத்துவமனையில் குழந்தைகள் சாவதே இல்லை. சாகப்போகிறவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். வாசல் பலகையில் உயிரிழப்பு என்ற இடத்தில் பூஜ்ஜியம் கூசாமல் நிற்கும்.

அவள் இதுவரை ஏழு கடிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஏழாவது குழந்தை டோல்கேட்டைக்கூடத் தாண்டவில்லை. ஸ்ட்ரெச்சரில் கட்டிப்போட்டபடியே போய்விட்டது. அதன் அம்மா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம்.



"கீழ வண்டி நிக்குது டாக்டர். சீக்கிரம் போட்டுக் குடுத்துருங்க" என்றார் மேனேஜர்.

அவள் கடிதத்தை நான்காகக் கிழித்தாள். குப்பைக்கூடையில் போடவில்லை. மேனேஜர் கையிலேயே கொடுத்தாள்.

வேலை போகும். போகட்டும்.

வெளியே பெஞ்சில் இருந்த மதிவதனியின் அம்மா செல்வகுமாரியை உள்ளே அழைத்தாள். மற்ற கட்டில்கள் காலி. எதையும் மறைக்காமல் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்பதையும் சொன்னாள். குழாய் இழுபடாமல் பிள்ளையைத் தூக்கித் தாயின் மடியில் வைத்தாள்.

ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவை.

செல்வகுமாரி மகளின் நெற்றியைத் தடவினாள். காதைத் தடவினாள். ஊசி குத்தி வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

நாலேகாலுக்குத் திரையில் கோடு நேரானது.

டாக்டர் குனிந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, இல்லை என்று தலையசைத்தாள்.

செல்வகுமாரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். உடம்பு மட்டும் குலுங்கியது. கண் எதிர்ச்சுவரில் இருந்தது. அங்கே 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது.

"இங்க சத்தம் போடக் கூடாதுல்ல, டாக்டரம்மா?"

டாக்டர் எழுந்துபோய் வார்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்தாள்.