குடை கொடுத்த அப்பா

"அந்த அப்பனைச் செருப்பால அடிக்கணும்" என்றார் தமிழ்மாறன்.

அவர் திட்டியது ஒரு சினிமா அப்பாவை. எதிரே ஆனி ரோஸ் தன் பேச்சை எழுதிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தன் மகள் சுகன்யாவுக்குக் காய்ச்சல், உள்ளே தூங்குகிறாள், மெதுவாகப் பேசு என்று வாசலிலேயே சொல்லியிருந்தார். இப்போது அவர் குரல்தான் தெருவுக்குக் கேட்டது.

அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் நடக்கும் பட்டிமன்றத்துக்கு நடுவர். காதலை நன்றாகச் சொன்னது நாவலா, திரையா என்பது தலைப்பு. ஏலாக்குறிச்சியில் ஆசிரியையாக இருக்கும் ஆனி ரோஸ் திரை அணி. அவளுக்கு இது முதல் மேடை. நோட்டீசில் பெயர் வந்துவிட்டது. ஊரில் அவளுக்காக வேன் பேசியிருந்தார்கள்.

அவள் பேச எடுத்துக்கொண்டது அறுபது ஆண்டுகளாக அச்சில் இருக்கும் ஒரு காதல் நாவல். அதில் செண்பகம் வேறு சாதிக்காரனை விரும்புகிறாள். அப்பா கதவைத் திறந்துவிட்டு, கையில் குடையைக் கொடுத்து, மழை வருது, நனையாமப் போ என்கிறார். படமாக எடுத்தபோது அதே அப்பா அவளை அறையில் அடைத்தார். சென்ற ஆண்டு வந்த தொடரில் பாலில் விஷம் கலந்தார்.

"படத்துல வர்ற அப்பாதாங்க ஐயா நெசம்" என்றாள் ஆனி ரோஸ். "குடை குடுத்த அப்பாவ நான் எங்கயும் பாக்கல."

"இருக்காங்க. நீ பாக்கல."

குடை கொடுக்கும் இடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் தனக்குக் கண் கலங்கும் என்றார். படத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தாராம். வந்ததும் தலைக்குக் குளித்தாராம், சாவு வீட்டுக்குப் போய் வந்தது போல. தொடரின் பெயரைச் சொல்லவே அவருக்கு வாய் கூசியது.

அவர் மனைவி தனம் நடையில் வந்து நின்றாள். அவர் அப்புறம் என்று கை காட்டினார். உள்ளே போய்விட்டாள்.

"கைதட்டல் வேணுமா, மாமியா மருமவ ஜோக்கு ரெண்டு சொல்லு. இந்த அசிங்கம் வேணாம்."

"அசிங்கம் நடக்குதுங்களே ஐயா."

"எங்க நடக்குது? குன்னத்துல காட்டு, குரும்பலூர்ல காட்டு. பொட்டப்புள்ளயப் படிக்க வச்சு மெட்ராசுக்கு வேலைக்கு அனுப்புற சனம்மா நாம. எவன் பூட்டி வக்கிறான்?"

ஆனி ரோஸுக்கு அவள் ஊரிலேயே அப்படி ஒரு வீடு தெரியும். பெயரைச் சொல்ல மனம் வரவில்லை.

படத்து அப்பாவைப் பற்றிய பகுதியைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டால் மேடை. இல்லாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு பேச்சாளர் சண்முகப்பிரியாவைக் கூப்பிடச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். நடுவர் பேச்சை விழாக்குழு தட்டாது.

அவள் தாள்களைப் பார்த்தாள். மற்ற பக்கங்கள் எல்லாம் யார் யாரோ பேசி அவள் கேட்டவை. அந்த ஒரு பக்கம்தான் அவள் எழுதியது. வேனை நினைத்தாள். அம்மா பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்திருந்ததை நினைத்தாள்.

"எடுத்துடுறேங்க ஐயா."

அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்தாள்.

தமிழ்மாறனுக்கு மனம் குளிர்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகும் தீர்ப்பை அப்போதே எழுந்து நின்று சொல்லிக்காட்டினார். குடை கொடுக்க ஓர் அப்பா இருக்கும் வரை இந்த மண்ணில் காதல் சாகாது என்றார். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன், அதற்குள் கைதட்டல் வந்துவிடும் என்றார்.

தனம் மறுபடி வந்தாள். அவர் கை காட்டினார். இந்தத் தடவை அவள் போகவில்லை. ஆனி ரோஸை ஒருமுறை பார்த்தாள். பிறகு கணவர் முன்னால் கையை நீட்டினாள்.

"ரூம் சாவியக் குடுங்க. சுகன்யா பாத்ரூம் போவணுமாம்."