டிக்கியில் இடம் இல்லை

"ஒண்ணு இந்தப் பை போகணும், இல்ல எங்க அக்காவோட நாற்காலி போகணும். ரெண்டும் போகாது."

காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கை சொன்னாள். மடக்கிய சக்கர நாற்காலி அவள் கையில் இருந்தது. டிக்கிக்குள் கோல்ஃப் மட்டைகள் நிரம்பிய நீளப் பை ஒன்று, மாமனார் வீட்டுக் கட்டிலில் படுத்த மாதிரி குறுக்கே படுத்திருந்தது.

பின் சீட்டில் பெட்டிகளும் தலையணைகளும் போக மிச்சமிருந்த இடத்தில் மகள் நீச்சல் வளையத்தோடு ஒடுங்கியிருந்தாள். முன் சீட்டில் அக்கா. காலில் கம்பி வைத்ததிலிருந்து அவள் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கண்ணாடியை இறக்கிவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரிசார்ட்லயே நாற்காலி வாடகைக்குத் தர்றாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டேன்," என்றான் தங்கையின் கணவன்.

"மட்டையும்தான் வாடகைக்குத் தர்றான். அதைக் கேட்டீங்களா?"

"அது சரிப்படாது. மட்டைன்னா ஆளோட உயரத்துக்கும் கைக்கும் ஏத்த மாதிரி இருக்கணும். வாடகை மட்டையில பிடியெல்லாம் தேஞ்சு கிடக்கும். பழகினதை விட்டுட்டு அதுல அடிச்சா இடுப்பு பிடிச்சுக்கும்."

"ஓஹோ. மட்டை ஆளுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். நாற்காலி மட்டும் எப்படி இருந்தாலும் பரவாயில்ல." அவளுக்குக் குரல் ஏறியது. "போன தடவை வாடகைக்கு எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? சக்கரம் சுத்தவே இல்ல. நாம எல்லாரும் கடல்ல ஆடிட்டு வந்தோம். அக்கா ரூம்ல சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடந்தா. இந்தத் தடவையும் அப்படியே கிடக்கட்டும்ங்கறீங்களா?"

அவன் முன் சீட்டை ஒரு பார்வை பார்த்தான். அக்கா திரும்பவில்லை.

"அங்க என்ன பார்வை? அவ என்ன சொல்லுவா, பாவம். வாயைத் திறந்து ஒண்ணு வேணும்னு கேக்கத் தெரியாது அவளுக்கு. நான்தான் கேக்கணும்."

"அம்மா, பெரியம்மாவையே கேளேன்," என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"பெரியவங்க பேசும்போது நடுவுல வராத."

இந்தக் கோபம் இன்று காலையில் முளைத்ததல்ல. நன்றாக இருந்த மனுஷனுக்குத் திடீரென்று கோல்ஃப் பைத்தியம் பிடித்ததிலிருந்தே புகைந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ பழைய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஞாயிறு காலையில் அக்காவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகும்போது அதுவும் கூடவே போனது. வெயில் ஏறின பிறகுதான் திரும்பினார்கள்.

"பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். அக்காவைச் சாக்கா வெச்சுத்தானே ஞாயித்துக்கிழமை கிளம்புறீங்க? சிகிச்சை முடிஞ்சதும் அவளை மைதானத்துல இறக்கி விட்டுட்டு உங்களுக்குக் கொண்டாட்டம். வந்ததும் அவ ஷூவைக் கழட்டறது நான். அடியெல்லாம் புல்லும் மண்ணும். துணி மாதிரி வெயில்ல காயப் போட்டிருக்கீங்க அவளை."

"நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"பின்ன எந்த மாதிரி? சொல்லுங்க, கேக்கறேன்."

"இப்ப சொல்ல முடியாது. அங்க போனா உனக்கே தெரியும்."

"என்ன தெரியும்? பக்கத்துல நின்னு கை தட்டணுமா?"

அவனுக்கும் பொறுமை போய்விட்டது. "எப்பப் பாத்தாலும் நாற்காலி, நாற்காலி. டாக்டரே நடக்கச் சொல்லியாச்சு. நீ விட்டாத்தானே?"

"டாக்டர் சொல்லுவாரு. அவருக்கென்ன. குளியலறை வாசல்ல அவ விழுந்து கிடந்ததைப் பாத்தவ நான். திரும்ப விழுந்தா ஓடி வந்து தூக்கப் போறது அவரா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

பையின் வாரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மட்டைகள் சடசடவென்று மோதிக்கொண்டு தரைக்கு வந்தன. காலியான இடத்தில் நாற்காலியைத் திணித்து டிக்கியை அறைந்து சாத்தினாள்.

"இதை வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டு வரேன். அங்க ஏதாவது குச்சி கிடைச்சா அதை வெச்சு ஆடுங்க," என்று பையை லிஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவன் தடுக்கவில்லை. முன் சீட்டைப் பார்த்து, "இனிமே என்னால ஆகாது அண்ணி," என்றான்.

காரின் முன்கதவு திறந்தது. அக்கா ஒரு காலை ஊன்றி, மறு காலையும் இறக்கி எழுந்து நின்றாள். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

"அக்கா, நடக்காத. நாற்காலியை எடுத்துட்டு வரேன், அப்படியே நில்லு." தங்கை பதறிப்போய்க் கத்தினாள்.

அக்கா நிற்கவில்லை. விந்தி விந்தி, ஆனால் சுவரையோ காரையோ தொடாமல், நேராக லிஃப்ட் வாசலுக்கு வந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. இத்தனை நேரம் தன்னைப் பற்றி நடந்த பேச்சில் ஒருவராவது தன்னிடம் ஒரு வார்த்தை கேட்பாரா என்று காத்திருந்து காத்திருந்து வந்த கோபம்.

தங்கையின் கையிலிருந்து வாரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவர்கிட்ட என்னடி சண்டை? நாற்காலியில யாராவது உக்காரணும்னா அங்க வாடகைக்கு எடுத்துக்கோ. மட்டை என்னுது."