வாய்தா வக்கீலுக்கு வந்த கட்சிக்காரர்

"கதவைச் சாத்திக்கலாமா சார்?" என்று கேட்ட மனிதர், பதிலுக்குக் காத்திராமல் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டார். நெற்றி முழுக்க வியர்வை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு நோட்டம் விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கஞ்சா சார். ரெண்டு கிலோ இருக்கும். ஒரு வீட்டு மாடி ரூம்ல, பீரோவுக்குள்ள இருக்கு."

வக்கீலுக்கு வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டியது போல் இருந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, யார் வீடு என்று கேட்டார். தெரிந்த ஒருத்தர் வீடு என்றார் வந்தவர். இந்த மாதிரி சமாசாரம் எப்போதுமே தெரிந்த ஒருத்தர் வீட்டில்தான் இருக்கும். சொந்த வீட்டில் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. வக்கீல் பெரிய மனது பண்ணி, நம்பிவிட்டதாகத் தலையாட்டினார்.

அவர் பூரிப்புக்குக் காரணம் உண்டு. கறுப்புக் கோட்டு மாட்டி ஆறு வருஷம் ஆகிறது; கோர்ட்டில் இதுவரை அவர் வாய் திறந்து கேட்டது வாய்தா ஒன்றைத்தான். தெருவில் அவருக்கு அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. ஒன்றாம் தேதிக்குள் உருப்படியாக ஒரு கேஸ் வராவிட்டால் ஆபீசை மூடிவிட்டு மாமனாரின் குழாய்க் கடையில் போய் உட்கார வேண்டும் என்று மனைவி கெடு வைத்திருந்தாள். இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. வாஷ்பேசினுக்கு விலை சொல்கிற மாதிரி அவருக்குக் கனவெல்லாம் வர ஆரம்பித்திருந்தது.

"இதுக்கு முன்னாடி கேஸ் ஏதாவது உண்டா?"

"மூணு சார். மூணும் போச்சு."

பழம்பெருச்சாளிதான். வக்கீலின் கால் தரையில் பாவவில்லை. முந்தைய வக்கீல் சரியில்லையோ என்று நாசூக்காக விசாரித்தார். எதிரில் நின்ற வக்கீல் படு சூட்டிகை, ஓட்டை ஓட்டையாகக் கண்டுபிடித்துவிட்டான் என்று வந்தவர் பெருமூச்சு விட்டார்.

"கவலைய விடுங்க. இந்தக் கேஸை உடைக்க எத்தனை வழி இருக்குன்னு நான் சொல்றேன், எழுதிக்குங்க."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள் என்று அர்த்தம். வக்கீல் அவளுக்கும் சேர்த்துக் குரலை உயர்த்தினார்.

பிடிபட்டவன் முதலில் வாயே திறக்கக் கூடாது. தனக்கு எதிராகத் தானே பேச வேண்டும் என்று யாரும் அவனைக் கட்டாயப்படுத்த முடியாது, வக்கீல் வரட்டும் என்று சும்மா உட்கார்ந்தால் போதும். அடுத்தது, அந்த வீட்டில் எத்தனை பேர்? நாலு பேர் என்றார் வந்தவர். வக்கீல் மேசையைத் தட்டினார். நாலு பேர் புழங்குகிற வீட்டில் பொருள் இன்னாருடையது, அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும் என்று போலீஸ்காரர்தான் நிரூபித்தாக வேண்டும். தகவல் வந்ததை எழுதி வைத்தார்களா, மேலதிகாரிக்குச் சொன்னார்களா, அங்கேயே எடை போட்டார்களா, மாதிரி எடுத்து அவன் கண்ணெதிரே அரக்கு முத்திரை வைத்தார்களா? ஒன்று தப்பினாலும் கேஸ் அம்பேல்.

வந்தவர் ஒரு குட்டி நோட்டில் விழுந்து விழுந்து எழுதினார். ஆனால் ஒரு விசித்திரம். தப்பிக்கிற வழி கூடக் கூட, அவர் முகம் தொங்கிக்கொண்டே போயிற்று. ஃபீஸ் கூடிக்கொண்டே போகிறதே என்று பயப்படுகிறார் போலும் என்று வக்கீல் நினைத்துக்கொண்டார்.

"எதைத்தான் சார் ஒழுங்கா செஞ்சா கேஸ் நிக்கும்?" அழாக்குறையாகக் கேட்டார் வந்தவர்.

கட்சிக்காரர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும், எதிராளியின் மூளையோடு யோசிக்கிறாரே என்று வக்கீல் உருகிப்போனார். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து அரக்கை எந்தப் பக்கம் உருக்கி ஊற்ற வேண்டும் என்பது வரை, கேட்டதற்கு மேலேயே அள்ளி விட்டார். நோட்டில் நாலு பக்கம் நிரம்பியது.

கடைசியாகத்தான் சாட்சிக்கு வந்தார். சோதனை போடும்போது அக்கம்பக்கத்தில் மரியாதைப்பட்ட ஆள் ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டுக்கு யார் நடையாய் நடப்பது என்று எவனும் வர மாட்டான். அப்படியே வந்தாலும் கூண்டில் ஏற்றிக் கேட்கிற கேள்வியில் தன் பெயரையே மறந்துவிடுவான்.

திரைச்சீலை லேசாக அசைந்தது. வக்கீலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னை மாதிரி சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவன் சாட்சியா வந்து நின்னாத்தான் அந்தக் கேஸ் பிழைக்கும். அப்படி ஒருத்தன் இந்தத் தெருவுல இருக்கானா, நீங்களே சொல்லுங்க."

வந்தவரின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். வக்கீல் வக்காலத்துப் படிவத்தை எடுத்துப் போட்டு, கட்சிக்காரரின் பெயரை எழுதப் பேனா மூடியைக் கழற்றினார்.

அதற்குள் வந்தவர் எழுந்து தாழ்ப்பாளை நீக்கிவிட்டார்.

"எங்க போலீஸ் ஜீப் தெருமுனையில நிக்குது சார், சாட்சிக் கையெழுத்துக்கு அந்தப் பேனாவையே எடுத்துக்குங்க."