தோளில் ஒருவன்

"இன்னும் தளர்த்துங்க அண்ணே. மயங்கினவன் இப்படி விறைப்பா கிடக்க மாட்டான்."

மேசைமேல் அடுக்கிய மணல் மூட்டைகளில் குப்புறக் கிடந்த மெஷின் ஆபரேட்டர் கைகளைத் தொங்கவிட்டார். கழுத்து மட்டும் இறங்க மறுத்தது. மூன்று நாளாக இதே கதை.

பக்கத்தில் முதலாளி ஆள் உயரத்துக்குக் களிமண்ணில் நின்றார். இது சரியாக வந்துவிட்டால் அப்படியே பளிங்கில் செதுக்க வேண்டியதுதான். தீப்பிடித்த தன் மெத்தை ஆலையிலிருந்து தொழிலாளி ஒருவனைத் தோளில் சுமந்து வந்து, அன்று மாலையே செத்துப்போனார் என்று பேப்பரில் வந்திருந்தது. கல்லறையிலும் அதே கோலத்தில் நிற்க வேண்டும் என்பது மகனின் உத்தரவு. உள்ளே கருகிப்போன ஏழு பேருக்கு, அதே கல்லறைத் தோட்டத்தின் பின்சுவர் ஓரம், நம்பர் போட்ட தகரப் பலகை போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"போட்டோல இருந்த தொப்பையைக் காணோமே," என்றார் ஆபரேட்டர், தலைகீழாகப் பார்த்தபடி.

"மகன் ரெண்டு தடவை வந்து வழிச்செடுக்கச் சொல்லிட்டார். தோளையும் அகலமாக்கியாச்சு. உங்களைத் தாங்க வேணாமா?" சிற்பி சிரித்தாள். "அவர் தூக்கினப்ப உங்க தலை எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு?"

"ஞாபகம் இல்லம்மா."

செருப்பைக் கழற்றச் சொன்னாள். இரண்டு உள்ளங்காலும் வெந்து, தோல் சுருங்கிப் பளபளத்தது. "இதையெல்லாம் கல்லுல காட்ட வேணாம். வழவழன்னு வச்சிடறேன்," என்று களிமண் கையாலேயே அளவெடுத்துக்கொண்டாள்.

"இனி முகம் மட்டும்தான். அதோட உங்களை விட்டுடறேன்."

ஆபரேட்டர் மூட்டையிலிருந்து மெதுவாக இறங்கினார். "என் முகம் வேணாம்மா."

"அப்ப யார் முகத்தை வைக்கிறது? ஊருக்கே தெரியும் அவர் தூக்கினது உங்களைத்தான்னு."

சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து நீட்டினார். அதில் ஒரு பெண், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரி. அதே ஆலையில தையல் பிரிவு. அந்த ஏழு பேர்ல ஒருத்தி. இவளை அவர் தோள்ல போடுங்க. கல்லுலயாவது வெளிய வரட்டும்."

சிற்பிக்குச் சுருக்கென்றது. பிறகு கோபமும் வந்தது. "அண்ணே, அந்த மனுஷன் தன் உயிரைக் கொடுத்து உங்களைத் தூக்கியிருக்கார். அதைப் போய் மாத்தச் சொல்றீங்களே."

ஆபரேட்டர் படத்தை நீட்டிய கையை இறக்கவில்லை.

சிற்பி குரலைத் தணித்தாள். "உங்களை விட்டுட்டு அவங்களைத் தூக்கியிருக்கலாம்னு அவர் மேல கோவம். அதானே?"

"அவர் மேல எனக்கென்னம்மா கோவம்." களிமண் முதலாளியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். "ஆலை வாசல்ல அவரோட சேர்ந்து விழுந்தவன், ஆஸ்பத்திரியில பத்து நாள் கழிச்சுத்தான் கண்ணு முழிச்சேன். அதுக்குள்ள பேப்பர்ல எல்லாம் எழுதித் தள்ளிட்டாங்க. மகன் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. எம் பொண்ணு அந்தப் பேப்பரைச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கா. எனக்கும் அதுவே சௌகரியமாப் போச்சு. வாயத் தொறக்கல."

"எதைச் சொல்லல?"

படத்தைக் களிமண் தோளின்மேல் வைத்தார். ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டது.

"அவ கூப்பிட்டுக்கிட்டே கிடந்தா. நான் அவளைத் தாண்டிப் போய் மொதலாளியைத் தூக்கினேன்."