எந்த மென்பொருள் நல்லது?

மிளகாய்ச் செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றத்தான் பரிதி அந்தக் குட்டி எலக்ட்ரானிக் போர்டை வாங்கி வந்தான். அன்றோடு கையால் ஊற்றுவதை நிறுத்திவிட்டான்.

“தண்ணி எப்ப தம்பி வரும்?” என்று ஜன்னலோரத் தொட்டியிலிருந்து செடி கேட்டது.

“புரோகிராம் எழுத எந்த மென்பொருள் நல்லதுன்னு பார்த்துக்கிட்டிருக்கார் அக்கா. முடிவானதும் வந்துடும்” என்று மேஜைமேல் இருந்த போர்டு பெருமையாகச் சொன்னது.

பரிதி தினம் ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அதைக் கொண்டு போர்டின் சின்ன விளக்கைச் சிமிட்ட வைத்துப் பார்த்து மதிப்பெண் போட்டான். ஒன்றில் எழுத்து அழகு, இன்னொன்றில் வேகம் அதிகம். போர்டோடு வாங்கிய தண்ணீர் மோட்டாரை மட்டும் அவன் உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் செடியின் இலைகள் தொங்கிப்போயின. தான் சொன்ன சமாதானங்களை நினைத்தபோது போர்டுக்கு வெட்கமாக இருந்தது. அன்று பரிதி என்ன செய்தும் அது விளக்கைச் சிமிட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

“ஐயையோ, போர்டே போச்சா?” என்று பதறிய பரிதி, அதை வெளிச்சத்தில் பார்க்க ஜன்னலுக்கு ஓடினான். அங்கேதான் வாடிக் கிடந்த செடி அவன் கண்ணில் பட்டது. பாட்டிலில் இருந்த தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தான்.

சாயங்காலம் ஓர் இலை மெல்ல நிமிர்ந்தது. மேஜையில் பரிதி ஆறாவது மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“தம்பி, நாளைக்கும் விளக்கைச் சிமிட்டிடாதே” என்றது செடி.