எல்லாருக்கும் அண்ணன்

“இங்கே நான் எல்லாருக்கும் அண்ணன்தான். உனக்கும் அப்படித்தான், சரியா?”

“சரிண்ணே.”

கல்லூரியில் சேர்ந்த புதிதில், மாணவர் ஜெபக்கூட்டத்துக்கு அவள் வந்த முதல் நாளில், கூட்டத்தை நடத்தும் ஊழியர் சொன்னது அது. அந்தப் பேச்சை அவள் இன்றுவரை மீறியதில்லை.

இன்றும் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக அவரிடம் ஜெபக்குறிப்பு சொன்னார்கள். அவள் நாற்காலிகளை அடுக்கியபடி காத்திருந்தாள்.

“மூணு அரியர் இருக்குண்ணே. ஜெபிச்சுக்குங்க.”

“ஜெபிக்கிறேன்டா. நீயும் கொஞ்சம் புத்தகத்தைத் தொடு. ஆண்டவர் வந்து உனக்குப் பரீட்சை எழுத மாட்டார்.”

சிரிப்பில்கூட அவர் குரல் கம்மியிருந்தது. கடைசி ஆளும் போன பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு? வழக்கம்போல ஒண்ணுமில்லையா?”

“இன்னைக்கு இருக்குண்ணே. எங்க அப்பாவுக்காக.”

அவர் கண்களைக் கசக்கிக்கொண்டார். “சொல்லும்மா.”

“வெளியில எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவார். வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டும்போதே பாதி தூங்கிடுவார். அம்மா சாப்பாட்டை மூடி வச்சுட்டு, யார்கிட்ட பேசறதுன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க.”

அவர் வழக்கப்படி கண்களை மூடினார்.

“ஆண்டவரே, இந்த மகளோட தகப்பன்...”

பாதியிலேயே கண்களைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் அவருடைய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஜெபம் அப்புறம் பண்ணிக்கலாம். வீட்டுக்கு வாங்கப்பா.”