மூச்சு வாங்கும் நடை

“அத்தா, பேசிக்கிட்டே நடங்க. பேச முடியலன்னா வேகத்தக் கொறைக்கணும்னு இதய டாக்டர் சொன்னாருல்ல?” பெங்களூரிலிருந்து மகள் ஃபிர்தௌஸ் போனில் கேட்டாள்.

ஓசூர் சிப்காட் சாலையில் நடந்துகொண்டிருந்த நூர்தீன் திணறினார். “நடக்கு... றேம்மா.”

“இப்படி மூச்சு வாங்குதே! ஷிப்ட் பஸ்ஸையா தொரத்துறீங்க? மெதுவா போங்க. தனியா இருக்கிற மனுசன், விழுந்தா யாரு பாத்துக்குவா?”

“சரி... ம்மா.”

“நாளைக்கும் கூப்பிடுறேன். உங்கள நம்ப முடியாது.”

போனைச் சட்டைப்பையில் போட்டதும் நூர்தீன் மூச்சு வாங்குவதை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் நிதானமாக நடந்தார்.

போன மாதம் ஒருநாள் தெரியாத்தனமாகத் திணறாமல் பேசிவிட்டார். “அப்ப இனி பயமில்ல அத்தா” என்று மகிழ்ந்தவள், அவராகக் கூப்பிட்டு மூச்சு வாங்கிக் காட்டும்வரை மறுபடி போன் செய்யவே இல்லை.